நூலை வாழ்விக்கும் வாசகர்

இலக்கிய வரலாற்று நூல்களைப் புரட்டினால் ஆசிரியர்களின் பெயர்கள் நிரலாக வருவதைக் காணலாம். அவர்கள் பிறந்த ஊர், வாழ்ந்த காலம், இயற்றிய நூல்கள், ஆதரித்த வள்ளல்கள் எனச் செய்திகள் தொடரும். ஆனால் அந்நூல்களை யார் படித்தார்கள், எங்கே இருந்து படித்தார்கள், படித்தபின் என்ன செய்தார்கள் என்பனவற்றைப் பற்றி அவற்றில் பெரும்பாலும் ஒரு சொல்லும் இராது. வாசகர் என்பவர் பந்தியில் அமர்ந்து உண்டுவிட்டுப் போகும் விருந்தினர் போன்றவர் என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நூலைப் படைப்பவர் ஆசிரியர். அதனை வாழ வைப்பவர் வாசகர். சில வேளைகளில் நூலை உண்டாக்குபவரும் வாசகரே ஆகிறார்.

தாயகத்தை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களுக்கு இவ்வுண்மை மிகவும் வேண்டியது. தொலைவில் இருக்கும் வாசகருக்கு இலக்கியத்தில் இடம் உண்டா என்னும் வினாவிற்கு விடை ஹைதராபாத் நகரில் கிடைக்கிறது. அவ்விடையை நன்கு உணர்வதற்கு முதலில் தமிழ்நாட்டில் ஆசிரியரும் வாசகரும் கொண்டிருந்த உறவு எவ்வாறு மாறி வந்தது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம்.

ஓலைச்சுவடிக் காலத்தில் வாசகரின்றி நூல் இல்லை என்பது வெறும் அலங்காரச் சொல் அன்று. பனையோலைக்கு ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும், ஈரம் கெடுக்கும். ஒரு நூல் அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டுமானால் யாரேனும் ஒருவர் அதனை விரும்பிப் புதிய ஏட்டில் எழுதியாக வேண்டும். படிப்பார் இல்லாத நூலைப் பிரதி செய்வாரும் இலர். இன்று நம் கைக்கு வந்திருக்கும் பழைய நூல் ஒவ்வொன்றின் பின்னும் பெயர் தெரியாத வாசகர் வரிசை ஒன்று நிற்கிறது.

இதற்குச் சிறந்த சான்று சீவக சிந்தாமணியின் வரலாறு. 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிச் சொன்னார். முதலியார் அவற்றிற்கு வியக்கவில்லை. பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். கேட்டவர் புலவர் அல்லர்; நீதிமன்ற அதிகாரி; நல்ல வாசகர். அவ்வாசகரின் வினாவே ஐயரின் வாழ்க்கையைத் திருப்பிற்று.

சிந்தாமணியின் பொருள் விளங்காமல் இடர்ப்பட்ட ஐயர், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்றார். அங்கே ஓர் இல்லத்தில் சிந்தாமணியை முறையாகப் படித்து நிறைவு செய்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பெரும்புலவர்கள் பலர் பெயரளவில் மட்டுமே அறிந்திருந்த காப்பியத்தை ஊரில் சிறுபான்மையினராக இருந்த சில குடும்பத்தார் வழிவழியாகப் பயின்று காத்து வந்திருந்தனர். அவர்கள் தந்த விளக்கத்தின் துணையால் ஐயர் 1887இல் அந்நூலை அச்சிட்டார். அச்சுச் செலவிற்கும் வாசகர்களே துணை. நூல் வெளிவருமுன்னரே இத்தனை பிரதிகள் வாங்கிக்கொள்வோம் என்று கையொப்பம் இடுவது அக்காலத்து வழக்கம். ஐயர் பலரிடம் நடந்து கையொப்பம் வாங்கினார். அவருடைய பதிப்புப் பணிக்கு உதவியவர்களுள் கடல் கடந்து கொழும்பில் வாழ்ந்த பொன்னம்பலம் குமாரசாமி முதலியாரும் ஒருவர்.

வாசகரின் துணை கிட்டாதபோது நேர்ந்ததையும் நம் வரலாறு காட்டுகிறது. 1920ஆம் ஆண்டில் சுப்பிரமணிய பாரதியார் தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக அச்சிட ஒரு திட்டம் வகுத்தார். நூல் ஒன்றுக்குப் பதினாயிரம் பிரதிகள்; ஆக நான்கு லட்சம் பிரதிகள். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தம் நூல்கள் தமிழ்நாடெங்கும் எளிதில் விலைபோகும் என்று அவர் நம்பினார். முதலுக்கு வேண்டிய பணத்தைக் கடனாகத் தரும்படியும், அதற்கு வட்டி அளிப்பதாகவும் அன்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். கற்பனையில் மிதந்த கவிஞரின் கனவு என்று இதனை ஒதுக்க இயலாது. அச்சுக்கூலி, விற்பனை, வட்டி எல்லாவற்றையும் கணக்கிட்டே அவர் எழுதினார். அவர் நாடிய துணை வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். அவர் எண்ணிய நான்கு லட்சத்தையும் கடந்து பிற்காலத்தில் அவர் நூல்கள் விற்றன. வாசகர்கள் வந்தார்கள், ஆனால் காலம் கடந்து வந்தார்கள்.

பிறகு வாரப் பத்திரிகையின் காலம் பிறந்தது. 1941இல் ‘கல்கி’ இதழைத் தொடங்கிய ரா. கிருஷ்ணமூர்த்தி தம் சரித்திரக் கதைகளைத் தொடராக எழுதினார். ‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1954ஆம் ஆண்டு மே மாதம் வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்தது. ரயிலும் தபாலும் அவ்விதழைப் பம்பாய்க்கும் கல்கத்தாவிற்கும் டில்லிக்கும் கொண்டு சென்றன. தொடரின் பக்கங்களைப் பிரித்தெடுத்து, தைத்து, பைண்டு செய்து வைத்துக்கொள்வது குடும்ப வழக்கமாயிற்று. கதை முடிந்தபோது வாசகர்கள் ஆசிரியரை விடவில்லை. இன்னார் என்ன ஆனார், இது ஏன் இப்படி முடிந்தது என்ற ஐயங்களுக்கெல்லாம் முடிவுரை ஒன்றில் அவர் விடை கூற வேண்டியதாயிற்று. இன்றும் அந்நூலின் இறுதியில் அம்முடிவுரை நிற்கிறது. வாசகர்களின் வினாக்களே நூலின் ஓர் உறுப்பாக அமைந்துவிட்டன.

இதற்கு நேர்மாறான உறவு ஒன்றும் உண்டு. 1959ஆம் ஆண்டு ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ என்னும் இலக்கியத் திங்களிதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடைகளில் விற்பதில்லை, சந்தாதாரர்களுக்கு மட்டுமே அனுப்புவது என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. பெருங்கூட்டத்தைத் தேடாமல், தக்க வாசகரை ஒருவர் ஒருவராகத் தேடிய முயற்சி அது. பிற்காலத்தில் தாம் வெளியிட்ட நூல்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அவர் சென்றார். 119 இதழ்களோடு 1970இல் ‘எழுத்து’ நின்றது. ஆயினும் தமிழில் புதுக்கவிதையும் புதிய திறனாய்வும் வேரூன்றியது அச்சிறு வாசகர் வட்டத்திலேதான். வாசகரின் எண்ணிக்கையைவிட அவரது ஈடுபாடே பெரிது என்பதற்கு இவ்விதழ் சான்றாயிற்று.

இனி ஹைதராபாத்திற்கு வருவோம். அந்நகரில் தமிழர் வாழ்வு நேற்றுத் தோன்றியதன்று. 1798இல் நிஜாம் கும்பினியாருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி சென்னைப் படையைச் சேர்ந்த வீரர்கள் அங்கே நிலைகொண்டனர். அப்படைகள் தங்கிய இடத்திற்கு 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் என்று பெயர் வழங்கலாயிற்று. படையைப் பின்தொடர்ந்து வணிகரும் ஒப்பந்தக்காரரும் எழுத்தரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறினர். பின்னர் ரயில்வே வந்தது. அதனோடு மேலும் பலர் வந்தனர். செகந்தராபாத்தில் உள்ள மகபூப் கல்லூரி, 1862இல் சோமசுந்தரம் முதலியாரால் ஒரு பள்ளியாகத் தொடங்கப்பட்டது. சிகாகோ செல்லுமுன் 1893ஆம் ஆண்டு பிப்ரவரியில் விவேகானந்தர் சொற்பொழிவாற்றியது அந்தக் கல்லூரியில்தான். குடியேறியவர்கள் பொருள் ஈட்டியதோடு நில்லாமல், தாம் சேர்ந்த ஊரில் படிப்பவர்களை உண்டாக்கவும் முயன்றனர் என்பதற்கு அது அடையாளம்.

நிஜாம் ஆட்சியில் அரசாங்க மொழி உருது. 1918இல் நிறுவப்பட்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உயர்கல்வி முழுவதையும் உருதுவில் அளித்தது. இந்திய மொழி ஒன்றில் பல்கலைக்கழகக் கல்வி தரும் அம்முயற்சி பெருமைக்குரியது. ஆனால் நாட்டில் மிகப் பலர் பேசிய தெலுங்கிற்கு அரசின் ஆதரவு மிகக் குறைவு. தெலுங்கு வாசகர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. 1901இல் ஹைதராபாத்தில் ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் என்னும் நூல் நிலையம் தோன்றியது. 1926இல் சுரவரம் பிரதாப ரெட்டி ‘கோல்கொண்டா பத்திரிகை’யைத் தொடங்கினார். சென்னையில் கல்வி பயின்ற அவர் வழக்கறிஞர் தொழிலுக்குத் தகுதி பெற்றவர். அதனினும் பத்திரிகைப் பணியையே பெரிதாகக் கருதியவர்.

அக்காலத்தில் நிஜாம் நாட்டில் தெலுங்குக் கவிஞர் என்று சொல்லத்தக்கவர் எவருமே இல்லை என்று ஒருவர் எழுதினார். மறுப்புக் கட்டுரை ஒன்று எழுதி அமைதியடைவது பத்திரிகாசிரியர் இயல்பு. பிரதாப ரெட்டி வேறு வழியை மேற்கொண்டார். தம் வாசகர்களையே நோக்கி, உங்கள் ஊர்களில் கவிஞர்கள் உண்டா, உண்டாயின் அவர்களைப் பற்றிய குறிப்புகளையும் அவர்தம் பாடல்களையும் அனுப்புங்கள் என்று வேண்டினார். வெளியுலகம் பெயர் அறியாத ஊர்களிலிருந்தெல்லாம் பாடல்கள் வந்து குவிந்தன. அவற்றைத் தொகுத்து 1934இல் ‘கோல்கொண்ட கவுல சஞ்சிக’ என்னும் நூலை அவர் வெளியிட்டார். அதில் இடம் பெற்ற கவிஞர்கள் 354 பேர்.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கவிஞர்கள் நூல் வெளிவந்த அன்று பிறந்தவர்கள் அல்லர். முன்னரே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களைக் கேட்பார் இல்லை. ஆகவே இல்லை என்று சொல்வது எளிதாயிற்று. கேட்பதற்கு ஒரு பத்திரிகையும், அதனை ஊர்தோறும் எடுத்துச் சென்று மற்றவர்க்குக் காட்டும் வாசகர்களும் கிடைத்தபோது, இல்லாதிருந்த இலக்கியம் உள்ளதாயிற்று. வாசகரும் ஆசிரியரும் இருவேறு கரைகளில் நிற்பவர்கள் அல்லர் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. பிரதாப ரெட்டி 1953இல் மறைந்தார். ஆந்திரர்களின் சமூக வரலாறு பற்றி அவர் எழுதிய நூலுக்குத் தெலுங்கில் முதல் சாகித்திய அகாதெமிப் பரிசு 1955இல் வழங்கப்பெற்றது.

கோல்கொண்டா பத்திரிகை தெலுங்குக் கவிஞர்களைக் கண்டெடுத்த அதே காலத்தில், செகந்தராபாத்தின் ரயில்வேக் குடும்பம் ஒன்றில் தமிழ்ச் சிறுவன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்த தியாகராஜன் என்னும் அச்சிறுவனே பிற்காலத்தில் அசோகமித்திரன் என்னும் பெயரால் தமிழுலகம் அறிந்த எழுத்தாளர். வீட்டில் தமிழ், தெருவில் உருதுவும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலம் என்ற சூழலில் வளர்ந்தவர் அவர். தந்தை மறைந்தபின் 1952இல் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் பணியில் சேர்ந்தார்.

அவருடைய எழுத்து முதலில் வெளிப்பட்டது வானொலி வழியாக என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி. அகில இந்திய வானொலி நடத்திய போட்டியில் பரிசு பெற்ற ‘அன்பின் பரிசு’ என்னும் நாடகமே அவரது தொடக்கம். அச்சுப் பத்திரிகை எழுத்தறிந்தவரை மட்டுமே அடையும். வானொலி காதுடையார் எவரையும் அடையும். 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் நிலையங்கள் தொடங்கப்பட்டபின் தமிழ் எழுத்தாளர்களுக்கு இப்புதிய வாசகர், அதாவது நேயர், கிடைத்தார். எதிரில் இருப்பவரிடம் பேசுவது போல எளிமையாகவும் தெளிவாகவும் எழுதவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்பட்டது. ஹைதராபாத்தில் நிஜாம் அரசு நடத்தி வந்த தக்காண வானொலியும் 1950இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது.

செகந்தராபாத்தை விட்டுச் சென்று இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1977இல் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ என்னும் நாவல் வெளிவந்தது. ஹைதராபாத் பூமியில் அமைந்துள்ள இடத்தைக் குறிப்பது அப்பெயர். பதினெட்டாவது அட்சக்கோட்டிற்குச் சற்றே தெற்கில் இருப்பது அந்நகரம். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15க்குப் பின்னும் நிஜாம் இந்தியாவுடன் சேராமல் தனித்து நின்றதும், ரஜாக்கர்களின் கொடுமைகளும், 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை புகுந்ததும், 17இல் நிஜாம் பணிந்ததும் வரலாற்று நூல்களில் உள்ளவை. அந்நாட்களை லான்சர் பாரக்ஸ் குடியிருப்பில் வாழும் சந்திரசேகரன் என்னும் தமிழ் மாணவனின் கண்களால் நாவல் காட்டுகிறது. கிரிக்கெட்டு ஆட்டமும், கல்லூரியும், வீட்டு மாடும், அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பமுமாக இருந்த அவன் உலகம் மெல்ல மெல்லப் பிளவுபடுகிறது.

இந்நாவலில் ஆசிரியர் வாசகரை நடத்தும் முறையே நமக்கு இங்கே முக்கியமானது. எவர் நல்லவர், எவர் தீயவர் என்று அவர் தீர்ப்புக் கூறுவதில்லை. வென்றவர் பக்கத்தில் நிற்கும்படி நம்மை அழைப்பதும் இல்லை. இந்தியப் படையின் வெற்றிக்குப் பின் கலவரம் பழிவாங்கலாக மாறுகிறது. அச்சத்தால் நடுங்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் முன்னே, தன் வெறுமனே இருத்தலே பிறர்க்கு அச்சமாகிவிட்டதை உணர்ந்து, அவ்விளைஞன் வெட்கித் தலைகுனிந்து ஓடுகிறான். அவ்விடத்தோடு ஆசிரியர் விலகிக்கொள்கிறார். எஞ்சியதை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு வாசகருடையது. வாசகரைச் சிறுபிள்ளையாகக் கருதும் எழுத்தாளரால் இப்படி முடிக்க இயலாது. நீ அறிவாய், நீ உணர்வாய் என்று வாசகர்மீது வைத்த நம்பிக்கையே அந்நாவலின் வலிமை.

தஞ்சையிலும் நெல்லையிலும் இருந்துகொண்டு ஹைதராபாத்தைக் கண்ணாலும் காணாத வாசகர்கள் இந்நாவலால் அந்நகரைத் தம் ஊர் போல அறிந்தனர். நேஷனல் புக் டிரஸ்டின் முயற்சியால் அது இந்திய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது. ஹைதராபாத்தின் வரலாற்றில் முக்கியமான ஓராண்டைப் பற்றிய சிறந்த இலக்கியச் சான்றுகளுள் ஒன்று, அங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளையால் தமிழில் எழுதப்பட்டது. குடியேறியவர் தாம் வாழ்ந்த ஊருக்கும் தம் தாய்மொழிக்கும் ஒரேசமயத்தில் செலுத்திய கடன் என்று அதனைக் கூறலாம்.

இன்னும் ஒரு செய்தியும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. அசோகமித்திரன் நெடுங்காலம் பொறுப்பேற்று நடத்திய ‘கணையாழி’ என்னும் திங்களிதழ் தோன்றிய இடம் சென்னை அன்று, டில்லி. 1965இல் அங்கு வாழ்ந்த கி. கஸ்தூரிரங்கன் அதனைத் தொடங்கினார். சுஜாதா அதன் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தார். தலைநகரில் அலுவல் பார்த்த தமிழ் வாசகர்கள் தமக்கு வேண்டிய இதழைத் தாமே உண்டாக்கிக்கொண்டனர். பின்னர் அதுவே தமிழ்நாட்டின் சிறந்த எழுத்தாளர் பலருக்குக் களமாயிற்று. தாயகத்திலிருந்து வெளியூருக்கு இலக்கியம் செல்வது மட்டுமே இயற்கை என்று நாம் எண்ணியிருக்கிறோம். இங்கே வெளியூரிலிருந்து தாயகத்திற்கு அது சென்றது. 1996இல் ‘அப்பாவின் சிநேகிதர்’ என்னும் நூலுக்காக அசோகமித்திரனுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் மறையும் வரையில் செகந்தராபாத் அவர் எழுத்தை விட்டு நீங்கவில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது வாசகரின் கடமைகள் மூன்று எனத் தெரிகிறது. முதலாவது, காலத்தில் வாங்குதல். பாரதியாருக்குப் பின்னாளில் எழுப்பிய சிலைகளைவிட, 1920இல் வந்திருக்கக்கூடிய சில நூறு ரூபாய்கள் அவருக்குப் பயன்பட்டிருக்கும். இரண்டாவது, மறுமொழி கூறுதல். வாசகர் கேட்டதனால் கல்கி முடிவுரை எழுதினார். வாசகர் அனுப்பியதனால் 354 கவிஞர்களுக்கு முகவரி கிடைத்தது. பாராட்டாயினும் ஐயமாயினும் குறையாயினும், எழுதியவர் காதில் விழும்படி சொல்வதே நல்ல வாசகர் செய்யும் உதவி. மூன்றாவது, அடுத்தவர் கையில் கொடுத்தல்.

வெளிமாநிலத் தமிழர்களுக்கு இம்மூன்றாவதே இன்று அரிதாகி வருகிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க அறியாமல் வளர்கின்றனர். அவர்கள் மீது குற்றம் இல்லை; பள்ளியில் அதற்கு இடம் இருப்பதில்லை. பேச்சு ஒரு தலைமுறைக்குத் தாங்கும். எழுத்தறியாத இடத்தில் நூல் ஒரு நாளும் தாங்காது. தாத்தா பைண்டு செய்து வைத்த பொன்னியின் செல்வனைப் பேரன் பிரித்துப் பார்த்துவிட்டுப் படங்களோடு நின்றுவிடுவான் எனில், அவ்வீட்டைப் பொறுத்தவரையில் கல்கி எழுதவே இல்லை என்றுதான் பொருள்.

இதற்குப் பெரிய சங்கங்களும் மாளிகைகளும் வேண்டும் என்பதில்லை. சிந்தாமணியைக் காத்தவர்கள் மன்னர்கள் அல்லர். கும்பகோணத்துச் சில குடும்பத்தார். அவர்கள் செய்தது ஒன்றே: கூடியிருந்து படித்தார்கள், தம் மக்களையும் உடன் இருத்திப் படித்தார்கள். பிற்காலத்தில் ஒருவர் அந்நூலைத் தேடி வருவார் என்று அவர்கள் அறிந்திருக்க இயலாது. ஆயினும் அவர் வந்தபோது நூல் உயிருடன் இருந்தது. செகந்தராபாத்திலோ நாகபுரியிலோ ஆமதாபாத்திலோ வாரத்தில் ஒரு மாலை, ஒரு கூடத்தில், நான்கு வீட்டார் கூடி ஒரு தமிழ் நூலின் சில பக்கங்களை உரக்கப் படிப்பார்களானால், அவர்களும் அப்பணியையே செய்பவராவர். எழுதுகின்றவர்கள் எந்நாளும் எழுதிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் எழுதியது நிலைக்குமா என்பது அக்கூடத்தில் முடிவாகும்.